ஓலை தேடி வந்த புள்ளிகள்

ஓலையில் எழுதினவர்கள் வைக்காமல் விட்டுப்போன புள்ளிகள் எல்லாம் மருதம்பாக்கத்துக்கு வந்து சேர ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். அறுவடை முடிந்து ஊர் முழுக்க வைக்கோல் தூசி பறந்துகொண்டிருந்த சமயமாதலால், கண்ணில் விழுந்ததையும் காதில் நுழைந்ததையும் ஜனங்கள் தூசி என்றே நினைத்துத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சுவடி நிலையத்தின் காப்பாளர் பூங்காவனம்தான் அதைச் சரியாக அடையாளம் கண்டாள். ஏரிக்கரை ரோட்டில், பழைய தாலுகா கச்சேரி இருந்த கட்டடத்தில் இருக்கிறது நிலையம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடல் கடந்தும் ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் குனிந்தார்கள் என்றால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் நிமிர்வார்கள். அன்றைக்குப் பூங்காவனம் ஒரு வைத்தியச் சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, கடுகில் பாதிகூட இல்லாத, கருப்பான ஏதோ ஒன்று ஜன்னல் வழியாக வந்து, மின்விசிறியை ஒரு சுற்று சுற்றி, ஒரு ககரத்தின் தலைமேல் உட்கார்ந்தது. பூச்சி என்று நினைத்து பிரஷ்ஷால் தள்ளினாள். அது எழும்பி, திரும்ப அதே ககரத்தின் தலைமேல், இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார்ந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கால் இல்லை, இறக்கை இல்லை, வெறும் புள்ளி. அந்தப் புள்ளியோடு படித்தால், பல வருடமாக அவளுக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு மருந்தின் பெயர் சுலபமாகப் பிடிபட்டது. சரி என்று அவள் அடுத்த வரிக்கு எண்ணெய் தடவப் போனாள். சாயங்காலத்துக்குள் அந்த ஓலை முழுக்க புள்ளிகள் வந்து நிரம்பிவிட்டன, எழுதின நாளிலிருந்து முதல் முறையாக அதைத் தட்டுத்தடுமாறாமல் படிக்க முடிந்தது, பூங்காவனம் ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் யாரும் புள்ளி வைப்பதில்லை. மெய்யெழுத்துக்கும் கிடையாது, ஏகார ஓகாரத்திலிருந்து பிரித்துக் காட்ட எகர ஒகரத்தின் தலையில் வைக்கிற புள்ளியும் கிடையாது, படிக்கிறவன் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். விட்ட புள்ளிகள் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்? இத்தனை காலம் எங்கே இருந்தன, எந்த வழியாக வந்தன, ஏன் அந்த வருடம் பார்த்துக் கிளம்பின என்பதெல்லாம் மருதம்பாக்கத்தில் யாருக்கும் தெரியாது, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமும் இல்லை.

பூங்காவனம் அன்றைக்கு வீட்டுக்குப் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தாள். அலமாரியிலிருந்து ஒரே ஒரு சுவடிக்கட்டை மட்டும் எடுத்து, கயிற்றை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்து, இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அது ஊரின் தலபுராணம். அதில் ஒரு எகரம் இருந்தது, அதன் தலையில் புள்ளி வந்து உட்கார்ந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஊர் அதற்குள் புள்ளிகளுக்குப் பழகிக்கொண்டது. ஓலையில் இடம் கிடைக்கும் வரைக்கும் அவை எங்காவது தங்க வேண்டியிருந்ததால், கிடைத்த இடத்தில் எல்லாம் தங்கின. வெளுத்துக் காயப்போட்ட வேட்டியில் தங்கின, வெள்ளையடித்த சுவரில் தங்கின, பஸ் நிலையத்துக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்த பூங்காவனத்தின் தம்பி கன்னியப்பனுடைய இட்லிகளில் தங்கின, அவன் மிளகு இட்லி என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டினான். குழந்தைகள் முகத்தில் தங்கினபோது மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா அம்மை என்று பயந்து வேப்பிலைக்கும் மாத்திரைக்கும் ஏற்பாடு செய்தார், பிறகு குழந்தைகள் தும்மினதும் அவை பறந்துபோனதைப் பார்த்து மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் தண்ணீர் தெளித்தால் போதும், புள்ளிகள் தாமாகவே வரிசைகட்டி வந்து நின்றன, பெண்கள் கோலமாவு டப்பாவோடு வந்து இழையை மட்டும் சுற்றிவிட்டுப் போனார்கள், நேர்புள்ளி வேண்டுமா ஊடுபுள்ளி வேண்டுமா என்று சொன்னால் அதன்படிகூட நின்றதாகச் சிலர் பெருமை பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதச் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் ஒற்றுப்பிழை வருவதில்லை என்று தமிழாசிரியர் ஒருவர் சந்தோஷப்பட்டார், இன்னொருவர் வேலையே இல்லாமல் போய்விட்டதாகக் கோபப்பட்டார். கடைப் பலகைகளில் பெயின்ட் உதிர்ந்த இடங்களையெல்லாம் அவை நிரப்பின. ஆனால் இங்கிலீஷ் எழுத்துகளின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை, அதற்கு அங்கே என்ன வேலை என்று ஊரும் நினைத்தது. மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் வந்து உட்கார்ந்த புள்ளியைப் பார்த்து, மச்சக்காரி, வந்த இடம் விளங்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் உடனே பேசி முடித்தார்கள், கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் புள்ளி தன் ஓலையைத் தேடிப் போய்விட்டது, பஞ்சாயத்து கூடி, கன்னம் இருக்கிறதா இல்லையா, அது போதும் என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்கள்.

நிலையத்துக்குள் நிலவரம் வேறு மாதிரி இருந்தது. புள்ளிகள் வந்த சேதி பரவியதும் ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள், ஊரில் வாடகைக்கு அறை கிடைக்காமல் கல்யாண மண்டபத்தில் படுத்தார்கள். ஒரே ஒரு சொல்லை நம்பி ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதி முடித்துப் பட்டமும் வாங்கிவிட்ட ஒருவர், அந்தச் சொல்லின் நடுவில் ஒரு புள்ளி வந்து உட்கார்ந்து அது இரண்டு சொல்லாகிப்போனதைப் பார்த்து, பூங்காவனத்தின் மேஜை முன்னால் நின்று சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். அவரோடு ஜென்மப் பகை வைத்திருந்த இன்னொருவர் ஊருக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவருடைய சொல்லிலும் ஒரு புள்ளி விழுந்தது, அப்போது முதலாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவருக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார். பூங்காவனம் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

அழுகையெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களோடு நின்றிருந்தால் ஊர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். ஆனால் ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டு ஓலைகளையும் நிலையத்தில்தான் கொடுத்துவைத்திருந்தன, அவற்றிலும் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. கீழத்தெருவில் காசிவீட்டார் என்றால் தனி மரியாதை. முப்பாட்டன் ஒருவர் நடந்தே காசிக்குப் போய் வந்தவர், போய் வந்து சொன்ன கதையெல்லாம் ஓலையில் இருக்கிறது என்பார்கள். ‘காசி போய் சொன்னார்’ என்றுதான் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தார்கள். புள்ளி வந்து அந்தக் கொம்பின் மேல் உட்கார்ந்ததும் அது ‘காசி பொய் சொன்னார்’ என்று ஆகிவிட்டது. முப்பாட்டன் காஞ்சிபுரத்தைத் தாண்டியிருக்கவில்லை. காசிவீட்டு மருமகள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை மாமியார் கடைசிவரை மறக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி திரௌபதியம்மன் கோயில் தர்மகர்த்தா செங்கல்வராயனுக்கு விழுந்தது. அவருடைய முன்னோர் ‘தேர் ஓட்டினார்’ என்று ஓலை சொன்னதை வைத்துத்தான் கோயிலில் முதல் மரியாதை, பரிவட்டம் எல்லாம் அந்த வீட்டுக்கு. புள்ளி வந்து ஒகரத்தின் மேல் உட்கார்ந்தது. ‘தேர் ஒட்டினார்’. ஓட்டினவர் இல்லை, ஒட்டினவர். உடைந்த சக்கரத்தை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார். ஊர் வாய் சும்மா இருக்குமா? செங்கல்வராயன் கடைத்தெருவில் நடந்தால் ‘பசை வருது பாரு’ என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது, அவர் கடைத்தெருப் பக்கம் வருவதையே விட்டார்.

ஒருநாள் மத்தியானம், ஆராய்ச்சிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் நிலையத்துக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து வெகுநேரம் துண்டையே மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா பூங்காவனம், உன் கைல பிரஷ் இருக்குதே. அத்தால ஒரு தள்ளு தள்ளிட்டா இன்னா?”

“தள்ளலாங்க. ஆனா நா தள்ள மாட்டேங்க.”

“ஒரே ஒரு புள்ளிம்மா. யாருக்குத் தெரியப் போவுது?”

“ஓலையில இருக்கறதத்தாங்க படிக்கணும். நமக்குப் புடிக்கலன்னு எடுக்கவும் கூடாது, புடிக்குதுன்னு வெக்கவும் கூடாது.”

செங்கல்வராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க ஊட்டு ஓலைக்கும் இதே பேச்சுதானா?”

பூங்காவனம் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். “அதுக்கும் இதே பேச்சுதாங்க” என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பூங்காவனத்தின் வீட்டாரை ஊரில் எரிவச்சான் வகையறா என்பார்கள். தலபுராணத்தில் ஒரு வரி இருக்கிறது, ‘ஊர் தவிக்க எரி வைத்தார்’ என்று, அந்த வைத்தவர் இவர்களுடைய முன்னோர். எந்தக் காலத்திலோ ஊருக்கே தீ வைத்துவிட்டாராம். அதனால் ஒவ்வொரு வருடமும் தீமிதித் திருவிழா அன்று, அக்கினிக் குண்டத்தை மூட்டுவதற்கு முன்னால் தர்மகர்த்தா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பம்பை உடுக்கையோடு இந்த வகையறாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அடுப்பில் ஊற்றிவிட்டு வருவார். அடுப்பு நனைக்கிறது என்று அதற்குப் பெயர். அன்று முழுவதும் அந்த வீடுகளில் அடுப்பு எரியக்கூடாது, அந்த வீட்டார் குண்டத்தின் பக்கம் வரக்கூடாது. விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்த பிறகும் விடவில்லை, பர்னரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கன்னியப்பனின் கடையில் வந்து, சாப்பிடுகிறவர்கள் தட்டோடு திரும்பிப் பார்க்க, பெரிய அடுப்பில் ஊற்றினார்கள். அவன் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் ஒரு தடவை அன்றைக்கென்று வந்து மாட்டிக்கொண்டு, ஈர அடுப்பைப் பார்த்து, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பூங்காவனம் சிறு பெண்ணாக இருந்தபோதே, அந்த வரியை நானே படித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பினவள். அதற்காகவே தமிழ் படித்தாள், அதற்காகவே சுவடி படித்தாள், வெளியூரில் நல்ல வேலை கிடைத்தும் போகாமல் அதற்காகவே இந்த நிலையத்துக்கு வந்தாள். வந்து பார்த்தால், ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே உருவம். ஏகாரத்துக்கு வால் வந்ததெல்லாம் பிற்பாடு. அந்தக் காலத்துக் கணக்குப்படி தலையில் புள்ளி இருந்தால் எ, இல்லாவிட்டால் ஏ, புள்ளியைத்தான் யாரும் வைப்பதே இல்லையே. ‘ஊர் தவிக்க எரி வைத்தார்’ என்று படித்தால் ஊரைத் தவிக்கவிட்டுத் தீ வைத்த பாவி. ‘ஊர் தவிக்க ஏரி வைத்தார்’ என்று படித்தால் ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது ஏரி வைத்துக் கொடுத்த புண்ணியவான். நிலையத்து ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்தது, அதை வெட்டினது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

இதை அவள் ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் சொல்லியும் பார்த்தாள். அப்போது செங்கல்வராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த காலம். “ஏரிய வெட்டுவாங்க, கட்டுவாங்க. எவனாவது ஏரிய வெப்பானா? தீயத்தான் வெப்பாங்க” என்றார். “மரம் வெக்கறதில்லையா, தண்ணிப்பந்தல் வெக்கறதில்லையா?” என்று இவள் கேட்டாள். கூட்டம் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல அடுப்பை நனைத்தது.

இப்போது புள்ளிகள் வந்திருந்தன. கன்னியப்பன் அக்காவைத் தேடி வந்தான்.

“அக்கா, அந்தக் கட்ட எப்ப அவுக்கப் போற?”

“எந்தக் கட்டு?”

“தெரியாத மாரி கேக்கற பாரு. ஊரு ஓலை எல்லாம் வெளுத்துப்போச்சு. நம்ம ஓலையும் வெளுத்துட்டா இந்த வருசம் எவனும் செம்ப தூக்கினு நம்ம வாசலுக்கு வர முடியாதில்ல?”

பூங்காவனம் அவனை உட்காரவைத்து விளக்கினாள். “புள்ளி வந்து உக்காந்தா எரிடா. நெருப்பு. உக்காராம இருந்தாத்தான் ஏரி.”

கன்னியப்பன் யோசித்தான். “அப்ப ஊருக்கெல்லாம் வர்றது நமக்கு மட்டும் வராம இருக்கணும்.”

“ஆமா.”

“வந்துதுன்னா தட்டிவுடு. நீ இன்னாத்துக்கு அங்க உக்காந்துக்கினு இருக்கற?”

அவள் அடுத்த ஓலைக்கு எண்ணெய் தடவப் போனாள். தம்பி கோபித்துக்கொண்டு எழுந்து போனான், அக்காவுக்குத் தினமும் கொடுத்தனுப்பும் மத்தியானச் சாப்பாடு அன்றைக்கு வரவில்லை.

மாசி போய், பங்குனி போய், சித்திரை பிறந்தது. பூங்காவனம் பீரோவைத் திறக்கவில்லை. பாரிஸிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் முறைப்படி தலபுராணத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்தபோது, பராமரிப்பில் இருக்கிறது என்று சொன்னாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரும் முணுமுணுக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மானமெல்லாம் சந்தி சிரித்தது, இவர்கள் கட்டு மட்டும் பீரோவுக்குள் இருந்தால் என்ன நியாயம் என்று காசிவீட்டு மாமியார் நிலையத்து வாசலுக்கே வந்து கேட்டாள். நியாயம்தான் என்று பூங்காவனத்துக்குப் பட்டது. தீமிதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டை அவிழ்ப்பது, பொழுது சாய்வதற்குள் புள்ளி வந்தால் எரி, வராவிட்டால் ஏரி, அதோடு பேச்சு முடிந்தது என்று நிலையத்து இயக்குநரை வைத்துக்கொண்டு ஏற்பாடானது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் புள்ளிகள் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தன. வேட்டிகள் வெள்ளையாகக் காய்ந்தன, கோலத்துக்குப் பெண்கள் பழையபடி கையால் புள்ளி வைத்தார்கள், இட்லியில் மிளகைக் காணோம் என்று யாரோ கன்னியப்பனிடம் சண்டைக்கு வந்தார்கள். எல்லாம் அதனதன் ஓலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி வருவதற்கு மிச்சம் இல்லை என்று கன்னியப்பன் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். வாசிப்புக் கூடத்தில் நீள மேஜையின் மேல் துணி விரித்து, பூங்காவனம் அந்த ஓலையை வைத்தாள். ஊர் முழுக்க வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில்லறைப் புள்ளிகள் வந்தன, ஊர் என்பதன் ரகரத்தில் ஒன்று, தவிக்க என்பதன் நடுவில் ஒன்று, வைத்தார் என்பதில் இரண்டு. எகரத்தின் பக்கம் எதுவும் வரவில்லை.

மத்தியானம் ஆயிற்று. கடையிலிருந்து வடையும் டீயும் வந்தன, கன்னியப்பன் யாரிடமும் காசு வாங்கவில்லை. வெயில் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. நின்று கால் கடுத்தவர்கள் உட்கார்ந்தார்கள், குழந்தைகள் தூங்கின, செங்கல்வராயன் ஓரமாக ஒரு ஸ்டூலில், அழைக்காத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தார். எகரம் வெறுந்தலையோடு இருந்தது. இன்னும் ஒரு பனை உயரம் வெயில் இறங்கினால் போதும். கன்னியப்பன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான், எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தான்.

அப்போது ஏரிப் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரே ஒரு புள்ளி வந்தது.

அவசரமே இல்லாமல் வந்தது. இயக்குநரின் வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தது, தூங்குகிற ஒரு குழந்தையின் மூக்கில் உட்கார்ந்து பார்த்தது, அங்கெல்லாம் தன் இடம் இல்லை என்று தெரிந்துகொண்டு மேஜைக்கு மேலே வந்து சுற்ற ஆரம்பித்தது. பூங்காவனத்தின் கையில் பிரஷ் இருந்தது. தம்பி அவளையே பார்க்கிறான் என்று தலை நிமிராமலே தெரிந்தது. ஒரு விசிறு, கை தவறினதுபோல ஒரு விசிறு போதும், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. அவள் பிரஷ்ஷை மேஜைமேல் வைத்தாள், வைத்த கை தானாக எடுத்துவிடுமோ என்று பயந்து இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். புள்ளி இறங்கி எகரத்தின் தலைமேல் உட்கார்ந்தது.

“அக்கா” என்று மட்டும் கன்னியப்பன் சொன்னான். பூங்காவனம் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து பார்த்தாள், பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “எகரம். எரின்னுதான் இருக்குது” என்றாள்.

செங்கல்வராயன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓலைமேல் குனிந்தார்.

“தூசி மாரி தெரியுதேம்மா.”

“தூசி இல்லீங்க. புள்ளிதான்.”

“புள்ளிதானா.” அவர் சுற்றி நின்ற ஜனங்களைப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார். “எங்க அப்பா ஊத்தினாரு, எங்க தாத்தா ஊத்தினாரு, நா ஊத்தறேன். எத்தினி வருசமா தண்ணி ஊத்தறோம். இன்னுமாம்மா எரியுது?”

அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, வெற்றிலை வாசனையோடு, ஃபூ என்று ஓலைமேல் ஊதினார்.

புள்ளி எழும்பியது, ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. உட்காருவதற்குள் காசிவீட்டு மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஊதினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற மருமகள் ஊதினாள். பிறகு யார் ஊதினார்கள், யார் ஊதவில்லை என்று சொல்ல முடியாது. தமிழாசிரியர்கள் ஊதினார்கள், நர்ஸம்மா ஊதினார், கன்னத்து மச்சம் போன பெண்ணும் அவள் புருஷனும் ஊதினார்கள், சொந்த ஆராய்ச்சி மண்ணாகிப்போன இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று ஊதினார்கள், தூங்கி எழுந்த குழந்தைகள் பிறந்தநாள் கேக் என்று நினைத்துக்கொண்டு ஊதின. பூங்காவனம் மட்டும் ஊதவில்லை. “ஓலை! ஓலை பறக்குது, பாத்து!” என்று காப்பாளராகக் கத்தினாள், இயக்குநர் மேஜைமேல் கவிழ்ந்து ஓலையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார், அப்படிப் பிடித்துக்கொண்டே அவரும் ஊதினார். புள்ளி அந்தக் காற்றில் நிலைகொள்ளாமல் ஜன்னல் வரைக்கும் போனது. ஜன்னலோரம் நின்றவர்கள் ஊதினார்கள், வெளியே சைக்கிளில் போனவன் எதற்கென்று தெரியாமலே இறங்கி நின்று ஊதினான், அது ரோட்டைத் தாண்டி, கரையைத் தாண்டி, தண்ணீருக்கு மேலே போய், கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. செங்கல்வராயன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்ப படிம்மா.”

“அதான் படிச்சிட்டேங்களே. புள்ளி வந்துது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“நாங்களுந்தான் பாத்தோம். எங்களுக்கும் கண்ணு இருக்குது. பாத்தத கேக்கல. ஓலையில இப்ப புள்ளி இருக்குதா?”

பூங்காவனம் குனிந்தாள். கண்ணீர் மறைத்ததால் முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பக் குனிந்தாள். “இல்லீங்க.”

“இருக்கறதத்தான் படிக்கணும்னு எனக்குச் சொன்னது யாரு? படி.”

அவள் ஓலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். ஊர் தவிக்க, என்று படித்தாள், அங்கே நிறுத்தினாள், ஊர் காத்திருந்தது. பிறகு ‘ஏ’ என்று ஆரம்பித்தாள். ஏகாரத்துக்கு அளவு இரண்டு மாத்திரைதான் என்று அந்தக் கூடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அவளால் அதை நிறுத்த முடியவில்லை, நீட்டிக்கொண்டே போனாள், அவள் மூச்சு தீர்ந்த இடத்தில் கன்னியப்பன் அழுதுகொண்டே பிடித்துக்கொண்டான், அவன் மூச்சு தீர்ந்த இடத்தில் செங்கல்வராயன் பிடித்துக்கொண்டார், அவரிடமிருந்து காசிவீட்டு மாமியாரும், அவளிடமிருந்து ஊரும் வாங்கிக்கொண்டது, ஒரே ஒரு எழுத்து கூடத்தைவிட்டு வெளியே வந்து கரைமேல் ஏறி அக்கரை வரைக்கும் போயிற்று. ‘ரி’யைச் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.